யாருக்குப் போன் போகிறது

கோட்டக்குப்பத்துப் பெண் ஷிஃபா திரையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் போட்டாள்: கணவர் வளைகுடாவில் இருக்கும் வீட்டில் முடிவெடுப்பது யார்?

அடேயப்பா, கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும். உலகமயமாக்கலில் தொடங்கி ஊரைச் சுற்றி வருகிற ஆள் இல்லை இவள்.

விழுப்புரத்தில் நேர்காணல் நடந்த கல்லூரிக் கூடத்தில் மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வுக்கு இருந்தது ஒரே இடம். இதுவும் தவறினால் புதுச்சேரித் துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்கே திரும்ப வேண்டியதுதான் என்று காலையில் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தாள்.

அவள் ஆய்வுமுறையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரையும் கேள்வி கேட்கப்போவதில்லையாம். வீடுகளில் போய் உட்காருவாள். பிள்ளைக்குப் பள்ளி மாற்ற, மாமியாருக்கு ஆபரேஷன் செய்ய, மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க, எதற்கெல்லாம் துபாய்க்குப் போன் போகிறது, எதற்குப் போகவில்லை என்று பார்ப்பாள். அவ்வளவுதான்.

வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது.

"கேள்விப் படிவமே இல்லாம என்னம்மா ஆராய்ச்சி?" என்றார் பேராசிரியர் சீனுவாசன். அவள் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்திவிட்டு, மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"படிவத்தோட போனா அவங்க வாயே திறக்க மாட்டாங்க சார். நான் போன மாசம் போய்ப் பாத்தேன். ஜல்தியா துபாய்க்கு வீடியோ கால் போட்டு நம்ம கையில குடுத்துடறாங்க. எல்லாத்துக்கும் அவருதான் பதில் சொல்லிக்கினு இருக்காரு. வீட்டுல யாருங்க முடிவெடுக்கறதுன்னு கேட்டா, 'எல்லாம் என் சம்சாரம்தான்'னு அதையும் அவரே சொல்றாரு!"

கூடமே சிரித்தது. சீனுவாசன் மட்டும் சிரிக்காமல் யோசித்துவிட்டு ஷிஃபாவைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் போன் காலுதான் உன் டேட்டா, இல்ல?"

ஷிஃபா தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. அவர் ஒரு மதிப்பெண்ணைப் போட்டு, அதன் கீழே அழுத்தமாகக் கோடும் இழுத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்புச்செல்வி, அடுத்தது நீதானே? வாம்மா."

பென் டிரைவோடு முன்னால் போனேன். படிவம் இருந்தால்தான் மார்க் விழும் என்று சீனியர்கள் சொன்னதைக் கேட்டு நான் எழுதிய ஆய்வுமுறை, திரை முழுக்க விரிந்தது.

கோட்டக்குப்பம். முந்நூறு வீடுகள். கேள்விப் படிவம்.