மறுபரிசோதனைக்கு முந்தின நாள்

சாப்பாட்டு மேசையில் காலை வெயில் ஒரு துண்டாக விழுந்து கிடக்கிறது. அதன் நடுவே ராணுவத்திலிருந்து வந்த கடிதம். கை அடிபட்டு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு ஊனம் இருபது சதவீதம்தான் என்கிறது அது; அந்தக் கணக்கை வைத்துத்தான் ஓய்வூதியம். நாளைக்கு மறுபரிசோதனை. மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டி, பேனாவைத் திறந்து, டாக்டராகி எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"கையில வலி இருக்கா?"

அவர் முதுகு தானாக நிமிர்கிறது. நாற்காலிக்கடியில் குதிகால்கள் ஒட்டிக்கொள்கின்றன. "இல்லை சார்!"

"போச்சு போங்க. போன தடவை மிலிட்டரி டாக்டருங்க கேட்டப்பவும் இதையேதானே சொல்லிட்டு வந்தீங்க?"

"பெரிய ஆபீசர் கேட்டா வேற என்ன வாயில வரும்? இருபத்திரண்டு வருசப் பழக்கம்."

அடுப்பில் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்குகிறது. அவருடைய வலது கை, மடங்காத விரல்களோடு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல மேசைமேல் இருக்கிறது. வெயில் நகர்ந்து அதன் மணிக்கட்டைத் தொடுகிறது. அவள் குரலைக் கனமாக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறாள்.

"சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்..." அவர் குனிந்து பார்க்கிறார். கழுத்திலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் ஒழுங்காக மாட்டியிருக்கிறது. விடிந்ததும் மாட்டிவிட்டவள் எதிரே பேனாவோடு காத்திருக்கிறாள். மேசைக்கடியில் குதிகால்கள் மெல்ல விலகுகின்றன.

"முடியலை" என்கிறார். இந்தத் தடவை 'சார்' வரவில்லை.