அஞ்சு வருஷ வாரண்டி

"விலை போனா போகுது. அஞ்சு வருஷ வாரண்டி உள்ளதையே குடுங்க" என்றார் அப்பா.

எங்கள் குடும்ப வரலாற்றில் இப்படி ஒரு வாக்கியம் பதிவானதில்லை.

அப்பா விலைக் கட்சி. அம்மா வாரண்டி கட்சி. மிக்சி முதல் குடை வரை எது வாங்கப் போனாலும் கடையிலேயே பொதுக்கூட்டம் நடக்கும். நான் யாரோடும் கூட்டணி வைக்காமல் ஓரமாக நிற்பேன்.

வாரண்டி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பழைய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதியதோடு திரும்பி வந்தவள் அம்மா. அவளைத் தூரத்தில் பார்த்தாலே சில கடைக்காரர்களுக்குப் பசி எடுத்துவிடும். சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.

இன்று வாங்க வந்தது, செடி வளர்க்கிற எல்.இ.டி. விளக்கு.

அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. அதனால் மொட்டைமாடித் தொட்டிகள் எல்லாம் வெயில் எட்டிப் பார்க்காத கூடத்துக்கு இறங்கி வந்துவிட்டன. ரோஜா மொட்டு விடுவதை நிறுத்திவிட்டது.

மேசைமேல் இரண்டு விளக்குகள் எரிந்தன. சின்னதற்கு ஒரு வருஷ வாரண்டி. பெரியதற்கு ஐந்து வருஷம், விலை மூன்று மடங்கு.

அந்த ஊதா வெளிச்சத்தில் நாங்கள் எல்லோருமே நோயாளிகள் மாதிரி இருந்தோம். அம்மா மட்டும் தனியாகத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

போன வாரம் டாக்டர் அப்பாவையும் என்னையும் மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ஆறு மாதம் தாண்டினாலே அதிகம் என்றார்.

அம்மாவிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

ஐந்து வருஷத்துக்கு விளக்கு வாங்கினால், தனக்கும் ஐந்து வருஷம் இருக்கிறது என்று அவள் நம்பிவிடுவாள். இது அப்பா போட்ட கணக்கு. வழக்கம்போல மலிவானதைக் கேட்டுச் சண்டை போட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கே அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் சட்டென்று விளக்குப் பெட்டியைத் தூக்கி அதில் எழுதியிருந்ததைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். சீன மொழி.

"சின்ன விளக்குல எத்தன நாள்ல மொட்டு வரும் தம்பி?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"ரெண்டே மாசம்மா. ஆனா ஒரு வருஷத்துக்கு அப்புறம் போச்சுன்னா எங்கள ஒண்ணும் கேக்கக் கூடாது."

அப்பா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்.

அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதையே போடுங்க" என்றாள் கடைக்காரரிடம். "பயப்படாதீங்க தம்பி, அதுக்கப்புறம் போனா நான் சண்டைக்கு வர மாட்டேன்."

கடைக்காரர் மட்டும் சிரித்தார்.