பத்தடிக் கிணற்றுத் தவளை

ஒரு கணக்குக்குள்ளே ஒரு கிணறு இருந்ததாம். பத்தடிக் கிணறு. அதற்குள்ளே ஒரு தவளை. பகலில் மூன்றடி ஏறும், இரவில் இரண்டடி வழுக்கும். அது வெளியே வர எத்தனை நாளாகும் என்பதுதான் கணக்கு. விடை சரியாக வந்தால்தான் தவளைக்கு விடுதலை.

வீட்டுப்பாடம் செய்ய வந்த பென்சில் வரிசையாக ஸ்டெப் எழுதிக்கொண்டே போனது. தவளையும் ஏறி, வழுக்கி, ஏறி, எட்டாம் நாள் பகலில் கிணற்றின் கரைக்கு வந்து மூச்சு வாங்கியது.

"வந்துட்டேன் தம்பி. எட்டுன்னு எழுது."

"ராத்திரி ஆயிடுச்சு மாமா. ரெண்டடி வழுக்குங்க."

"கரையில உட்கார்ந்திருக்கிறவன் எங்கேடா போய் வழுக்குவான்?"

"ஒரு நாளைக்கு ஓரடிதான் மாமா கணக்கு. ஸ்டெப்பை விட்டா மார்க் போயிடும்."

தவளை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே குதித்தது. மறுநாளும் வெளியே வந்தது. பென்சில் மறுநாளும் உள்ளே அனுப்பியது. பத்தாம் நாள்தான் 'விடை: 10 நாள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டது.

அப்பாடா என்று தவளை கரையில் காலை நீட்டியதுதான் தாமதம், சிவப்புப் பேனா வந்து குறுக்கே அடித்தது. "தப்பு. முதல்லேருந்து செய்!"

கண் மூடித் திறப்பதற்குள் தவளை கிணற்றின் அடியில் கிடந்தது. அங்கிருந்தே கத்தியது: "இப்பவாவது புரிஞ்சுதாடா உனக்கு?"

"புரிஞ்சுது மாமா," என்றது பென்சில், புதுப் பக்கத்தில் மார்ஜின் போட்டுக்கொண்டே. "ஸ்டெப் பத்தலை. இந்தத் தடவை ஒவ்வோர் அடியா நின்னு நின்னு வழுக்குங்க, தனித்தனியா எழுதிக்கறேன்."