நோன்பு நாளில் சமையல் போட்டி

“உப்பைப் போட்டயா மகள்? உப்பு, உப்பு!”

மஞ்சள் நாடாவுக்கு வெளியே நின்று ஸைனம்பு கத்தினாள். உள்ளே அடுப்படியில் நின்ற ஸம்றா அகப்பையும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று வயது. போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கரண்டி உப்பை இறைச்சிக் கறிக்குள் தட்டிவிட்டாள்.

“அவள் முன்னமே போட்டாளே! நான் கண்டன்,” என்றாள் பக்கத்தில் நின்ற உம்மு.

“யா அல்லாஹ்!” ஸைனம்பு நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

மொழிபெயர்ப்பாளன் வினோஜ் ஓடி வந்தான். “அக்கா, உள்ள வரப்படாது. பிள்ளைகள்தான் சமைக்கோணும். தாய்மார் பார்த்துக்கொண்டு நிக்கோணும். அதுதான் ப்ரோக்ராம்.”

“பார்த்துக்கொண்டு நிண்டா கறி அவியுமா தம்பி?”

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய்ப் பத்து மாதம். கல்முனை முகாமுக்கு வராத நிறுவனம் இல்லை. ஒன்று கை கழுவப் பழக்கியது. இன்னொன்று சிரிக்கப் பழக்கியது. இது மூன்றாவது. இளம் பிள்ளைகள் தங்கள் கையால் பெருநாள் சாப்பாடு சமைத்தால் மனக்காயம் ஆறும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்டுபிடித்திருந்தாள்.

மனக்காயத்தைப் பற்றி ஸைனம்புவுக்குத் தெரியாது. முதல் பரிசு கேஸ் அடுப்பு, சிலிண்டரோடு. அதுதான் தெரியும். தகரக் கொட்டிலுக்குள் ஈர விறகோடு மல்லுக்கட்டி அவள் கண் இரண்டும் பழுத்துப்போயிருந்தன. வருகிற பெருநாளைக்காவது புகையில்லாமல் ஒரு கறி ஆக்க வேண்டும்.

“நோன்பு நாளையில, பட்டப்பகல்ல சமையல் போட்டியா?” உம்மு விடவில்லை. “ஆரு தம்பி ருசி பார்க்கிற?”

“இரவில படம் வடிவா விழாதாம் அக்கா. கொழும்பில இருந்து திகதி குறிச்சவங்க.”

ஸைனம்பு மகளுக்குச் சாடை காட்டினாள். நாக்கு நுனியில் வைத்துப் பார், துப்பிவிடு. ஸம்றா அகப்பையை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“வையி கீழ!”

கச்சிமுகம்மது ஹாஜியார். முகாம் கமிட்டித் தலைவர். இன்றைக்கு நடுவரும் அவர்தான். அவருடைய கல்வீடு மெயின் ரோட்டுக்கு மேற்கே, அலை எட்டியும் பார்க்காத இடத்தில் இருந்தது. இருந்தும் அவர் பேத்தி பரீனா பக்கத்து அடுப்பில் கறி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மனக்காயமாம்.

“நோன்போட நாக்கில வைக்கிறயா? ஸைனம்பு, இதுதான் நீ புள்ள வளர்க்கிற லெச்சணமா?”

“துப்பினாப் பாவமில்ல எண்டு மௌலவி சொன்ன...”

“எனக்குச் சட்டம் படிப்பிக்காத! நாப்பது வரிசமா ஒரு நோன்பு விட்டவனில்ல நான். இந்த இடத்தில ஆரும் ஒண்டும் வாயில வைக்கப்படாது.”

“அப்ப நீங்க எப்பிடி ஹாஜியார் தீர்ப்புச் சொல்லுவீங்க?” என்று வினோஜ் பவ்வியமாகக் கேட்டான்.

“நிறம், மணம், பதம். சமையல் தெரிஞ்சவனுக்கு அது போதும்.”

காற்றில் ஒரு சட்டி மணம் மற்றச் சட்டி மணத்தோடு கலக்கிறதாம். எல்லாச் சட்டிகளையும் கமிட்டிக் கொட்டிலுக்குள் எடுப்பித்து, ஹாஜியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாடாவுக்கு வெளியே சிரிப்பு வெடித்தது.

“என்னடி, கலியாணம் பேசுற மாதிரிக் கதவைச் சாத்துறாரு?”

“பேத்திக்கு அடுப்புக் குடுக்கிறதுக்கு மணம் வேற பிடிக்கோணுமா?”

“பிடிக்கட்டும்,” என்றாள் ஸைனம்பு. “என்ட புள்ளட கறி மணம் நிந்தவூர் வரைக்கும் போகுது. மனச்சாட்சி இருந்தா அவளுக்குத்தான் குடுக்கோணும்.”

வெகுநேரம் கழித்து ஹாஜியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைக்காரப் பெண் மைக்கை நீட்டினாள்.

“எல்லாப் புள்ளைகளும் நல்லா ஆக்கியிருக்கு. ஸம்றாட கறி திறம். ஆனா என்ன செய்ய, உப்புக் கூடிப் போச்சு. பரீனாட கறியில எல்லாம் அளவு. முதல் பரிசு பரீனாக்கு!”

வெள்ளைக்காரப் பெண் கை தட்டினாள். கேமரா மின்னியது. சண்டை பிடிக்க வந்த வாயை ஸைனம்பு மூடிக்கொண்டாள். அவர் சொன்னது பொய்யில்லை. உப்புக் கூடியது அவளுடைய கத்தலால்தான். பரீனாவின் தாய் அதற்குள் அடுப்பைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஸம்றா மெல்ல நடந்து மைக்குக்குக் கிட்டே போனாள்.

“ஓம் ஹாஜியார். மறந்து ரெண்டு தரம் போட்டுட்டன்.”

“பார்த்தீங்களா, உண்மை கதைக்கிற புள்ள!” ஹாஜியார் அவள் தலையைத் தடவினார். “நோன்புட பரக்கத்து இதுதான்.”

“நோன்பு திறக்க மஃரிபுக்கு இன்னும் வாங்கு சொல்லல்லியே ஹாஜியார். கறியில உப்புக் கூட எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச?”

மைக் அந்தக் கேள்வியை முகாமின் கடைசிக் கொட்டில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று வினோஜ் ஹாஜியாரைப் பார்த்தான்.

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பேரை மாறிச் சொல்லிட்டன். முதல் பரிசு ஸம்றாக்கு.”