இடி எறிபவளும் ரொட்டிக்காரனும்

அண்ணி உருட்டிய பகடையில் இரண்டு விழுந்தது. தம்பி தன் கதைக் குறிப்புத் தாளைக் கிட்ட இழுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மூன்று பேரும் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டில் இருந்தார்கள். கதையை நடத்துவது தம்பி. அண்ணி, இடியைக் கையில் பிடித்து எறியும் வீராங்கனை. அண்ணன், ஊருக்கு ரொட்டி சுடுகிறவன்.

அந்த ரொட்டிக்காரன்தான், கதையைத் தயார் செய்த ஒரு வாரமும் தம்பியின் நிம்மதியைக் கெடுத்தவன். அண்ணிக்கு ஈடாக ஒரு ராட்சதனை இறக்கினால், ரொட்டிக்காரன் ஒரே மிதியில் காலி. ரொட்டிக்காரனுக்கு ஈடாக ஒரு திருடனை அனுப்பினால், அண்ணி சுண்டுவிரலால் முடித்துவிடுவாள்.

மந்திரக் கவசம் தருகிறேன் என்று பார்த்தான். வேண்டாம் என்றான் அண்ணன். போகட்டும், தப்பி ஓட ஒரு நல்ல குதிரை? அதுவும் வேண்டாம். யாரும் தன்னை நம்பிக் காத்திருக்காத ஓர் ஆளாக இருந்தால் போதும்.

தம்பி வற்புறுத்தவில்லை. "அஞ்சு மாசமா வாயே திறக்க மாட்டேங்குறாரு, இதுலயாவது ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று தம்பியிடம் கெஞ்சி, அண்ணிதான் அண்ணனை மேசைக்கு இழுத்து வந்திருந்தாள். முதல் ஆட்டத்திலேயே ரொட்டிக்காரன் செத்துவைத்தால்?

அதனால் ராட்சதனை ஊருக்கு வடக்கே நிறுத்தினான். ரொட்டிக்காரனைத் தெற்கே, தானியக் கிடங்கின் வாசலில். பத்திரமாக.

இப்போது, இரண்டே விழுந்ததால், அண்ணியின் இடி குறி தப்பிவிட்டது. தப்பிய இடி எந்தத் திசையில் விழும் என்பதை விதிப்படி இன்னொரு பகடை சொல்ல வேண்டும். தம்பி உருட்டினான்.

தெற்கு.

கிடங்கின் கூரை வைக்கோல். தீப்பிடித்தது என்று தம்பி சொல்லவே இல்லை. அதற்குள் அண்ணி பகடைக்குக் கை நீட்டிவிட்டாள்.

"இன்னொரு தடவை உருட்டறேனே," என்றாள்.

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"உள்ள எத்தனை பேர்?"

இத்தனை மாதமாகக் கேட்காத குரல். தம்பியின் தாளில், கிடங்குக்கு நேராக அவனே எழுதியிருந்தது: ஒளிந்திருக்கும் பிள்ளைகள், இரண்டு. கட்டைவிரலை நகர்த்தி அந்த வரியை மறைத்தான்.

"யாரும் இல்லண்ணா. எல்லாரும் முன்னாடியே வெளிய வந்துட்டாங்க."

நல்ல பொய். யாருக்கும் சேதமில்லை.

அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீப்பிடிச்ச அந்த மாடி வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க. வண்டியவிட்டு இறங்கினதும் கேட்டேன். யாரும் இல்லன்னாங்க. நம்பிட்டேன்."

தீயணைப்பு நிலையத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, உள்ளே ஆள் சிக்கியிருந்த அந்த வீட்டைப் பற்றி அவன் பேசுவது இதுதான் முதல் தடவை.

தம்பி தாளிலிருந்து கட்டைவிரலை எடுத்தான்.

"ரெண்டு பேருண்ணா. பிள்ளைங்க."

அண்ணன் தலையசைத்தான். பகடையைக் கையில் எடுத்தான்.

"ரொட்டிக்காரன் உள்ள போறான்."