தூக்க டீச்சர்

கடைசியாக அவரை நான் பார்த்தது பள்ளிக்கூட வாசல் பஸ் நிறுத்தத்தில். அப்போது அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

கேட்கிற நேரமா அது? அரை மணி நேரத்துக்கு முன்புதான் என் புகாரால் அவருடைய பொறுப்பு பறிபோயிருந்தது.

கடைசி வகுப்புப் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று வழி சொல்வதற்காகவே அந்தப் பள்ளியில் ஓர் அறை. அந்த அறையில் அவர். பிள்ளைகள் வைத்த பெயர் தூக்க டீச்சர். எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், ஐந்தாவது நிமிஷம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். நாற்காலியில் சாய்வார். கண் மூடிவிடும்.

என் மகள் சின்ன வயதிலிருந்தே கடல் பைத்தியம். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழுதுபார்க்க வந்த ஃபிரிட்ஜ் ஒன்று வீட்டில் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அதில் காதை வைத்துக்கொள்வாள்.

"அப்பா, கப்பல் கெளம்பிடுச்சு."

அவள் அம்மா போன பிறகும் அந்தக் கப்பல் நிற்கவில்லை. கடலைப் பற்றிப் படிக்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஒரு பகல், ஓர் இரவு ரயிலில் போக வேண்டும். மதிப்பெண்ணும் இருந்தது.

ஆனால் விண்ணப்பத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம், மூன்று கட்டத்திலும் பக்கத்துத் தெருக் கல்லூரியையே எழுதி வைத்திருந்தாள்.

"என்னம்மா இது? கடல் என்னாச்சு?"

"வத்திடுச்சுப்பா."

"வழி சொல்ற டீச்சர் என்னதான் சொன்னாங்க?"

"அவங்க எங்க சொன்னாங்க? நான் பேசப் பேச ஜன்னல் திரை ஆடிட்டே இருந்துச்சு. வெயில் செவுத்துல தண்ணி மாதிரி அலையுது. திரும்பிப் பாத்தா, அவங்க தூங்கிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் எட்டாவதோடு நின்றவன். வழி சொல்ல ஆளில்லாமல் நின்றவன். ஆள் இருந்தும் தூங்கினால்? அன்றைக்கே புகார் எழுதிவிட்டேன்.

மறுநாள் தலைமையாசிரியர் அறை. நானும் மகளும் ஒரு பக்கம். டீச்சர் எதிரே.

"தூங்கினீங்களா டீச்சர்?" தலைமையாசிரியர் கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. என் மகளை ஒரு தடவை பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"ஆமா சார். அசந்துட்டேன். இந்தப் பொண்ணு என்ன பேசுச்சுன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு இவ்வளவு தைரியமா சொல்றீங்க!"

"தூங்கினவளுக்கு எப்படி சார் தெரியும்?"

என் புகாரின் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். அறைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். மகள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பஸ் நிறுத்தத்தில் அந்தக் கேள்வி.

"என்ன டீச்சர், நக்கலா?"

"இல்லைங்க. தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது. அதுக்கென்ன இப்போ?"

"அப்போ கத்துக்குங்க. சோறு வடிக்கிறதுல ஆரம்பிங்க. விண்ணப்பம் அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கு."

தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வீடு வரும்வரை மனசு ஆறவில்லை. இத்தனை மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு ஓர் அடுப்பு பெரிசா? அதுவரை அடுப்படி மகளுடையது. அன்று சாயங்காலம் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"அப்பா, தீயுற வாசனை வருது!"

"அது அப்படித்தான் வரும். நீ போய்ப் படி."

முதல் நாள் கரி. மூன்றாம் நாள் கூழ். ஒன்பதாம் நாள் சோறு சோறாகவே வந்தது. கூடவே ஒரு முட்டைப் பொரியல். ஆவி விளக்கைச் சுற்றி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

காலையில் புது விண்ணப்பம் வாங்கி வந்தாள். முதல் கட்டத்தில் கடல்.

டீச்சரை மறுபடி சிறு வகுப்புக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மறு வருஷமே காலமானார் என்றார்கள். நான் போகவில்லை.

பல வருஷம் ஓடிவிட்டது. மகளுக்கு இப்போது நிஜக் கப்பலில் வேலை, கடலின் ஆழத்தை அளக்கிற வேலை. போன தடவை லீவில் வந்தபோது, என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாள்.

"அப்பா, அன்னிக்கு அந்தத் தூக்க டீச்சர்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"என்ன?"

"'நான் போயிட்டா எங்கப்பா பட்டினி கிடப்பாரு. அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது'ன்னு அழுதேன். நல்லவேளை, தூங்கிட்டாங்க. முழிச்சிருந்தா யார்கிட்டயும் சொல்லியிருக்கவே மாட்டேன்."

கரண்டி என் கையிலேயே நின்றது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. அவங்க நல்லாத் தூங்குவாங்க," என்றேன்.

அவள் கப்பலுக்குத் திரும்பியதும் பள்ளிக்கூடத்துக்குப் போய் என் புகாரைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்க விதி இல்லையாம். எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பள்ளியில் அவருடைய கையெழுத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான்:

'தூங்கியது உண்மை.'