இரண்டு விரல் இடைவெளி

ஞாயிறுதோறும் உட்கார்ந்து, பெட்டியில் பாகம் பாகமாக வந்த பொம்மை ரோபோவை இரண்டு மாதத்தில் கட்டி முடித்தேன். உயரம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், பெட்டியில் போட்டிருந்தபடியே. என் யூடியூப் சேனலில் பத்துக்கு ஏழு மதிப்பெண் கொடுத்தேன். மூட்டுகள் நல்ல இறுக்கம். உடம்புதான் பெருத்து இடத்தை அடைக்கிறது.

அதற்கென்றே கார்பென்டர் சோலையப்பனை அன்னவாசலிலிருந்து வரவழைத்து, ஹாலில் ஓர் அலமாரி அடித்தேன். ரோபோவின் தலைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டார்.

ஆகஸ்டில் தூசி துடைக்கப் போனால், தலை மேல்பலகையில் முட்டிக்கொண்டிருந்தது. பலகை தொய்ந்துவிட்டதென்று சோலையப்பனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் டேப்பை வைத்துக் காட்டினார்.

"பலகை அப்படியேதான் சார் இருக்கு. ஒங்க பொம்மைய அளந்து பாருங்க."

அளந்தேன். அறுபத்தொன்று. மூட்டு எதுவும் கழன்றிருக்கவில்லை. ஆறாவது படிக்கும் மகள் ஹரிணி மேல் சந்தேகம் போனது.

"இழுத்துப் பாத்தியா?"

"தொடவே இல்லப்பா. அது பக்கத்துல ஒக்காந்து ஹோம்வொர்க் எழுதுவேன், அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. மறுபடி அதட்டக் கூப்பிட்டபோது, என் மனைவி தெய்வானை அவளை யூனிஃபார்மோடு நிற்கவைத்திருந்தாள்.

"ஸ்கூல் தொறக்கறப்ப இந்த பேன்ட் சரியாத்தாங்க இருந்துச்சு. இப்ப குதிகாலுக்கு அடியில மிதிபடுது."

"டெய்லர் ஏமாத்தியிருப்பான். எவ்வளவு மடிக்கணும்?"

தெய்வானை ஊசியை வாயில் கவ்விக்கொண்டாள். பேன்ட்டின் விளிம்பில் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள்.